பல்கலைக்கழக ஆய்வு வட்டாரத் தொழிலுக்கு எப்போது பயன்படுகிறது? தொழில்நுட்பப் பரிமாற்றக் கொள்கை பற்றி ஒரு விவாதம்

வரைவுமேசை எழுதியது:

எங்கள் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகம் ஒன்று தொடங்கப் போகிறார்கள். ஆய்வில் பிறக்கும் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெற்று, அவற்றைப் பயன்படுத்த நிறுவனங்களுக்கு உரிமம் தருவதுதான் அதன் வேலை. அதற்கான கொள்கை வரைவைத் தயாரிக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். வரைவின் முதல் பக்கத்தில், வட்டாரப் பொருளாதார வளர்ச்சிக்கு உதவுவதே அலுவலகத்தின் நோக்கம் என்று எழுதியிருக்கிறோம். கடைசிப் பக்கத்தில், ஐந்தாம் ஆண்டு முடிவில் ஈட்டியிருக்கும் உரிம வருவாயைக் கொண்டு அலுவலகத்தை மதிப்பிடுவோம் என்று எழுதியிருக்கிறோம். இரண்டும் ஒரே திசையில் போகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. குழுவில் இதைச் சொன்னபோது, வருவாய் வந்தால் வளர்ச்சி தானாக வந்துவிடும் என்று பதில் கிடைத்தது.

நான் அதை நம்பவில்லை. ஆனால் மறுத்துப் பேச என்னிடம் போதிய சரக்கு இல்லை. எங்களைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் சிறு உற்பத்திக் கூடங்கள், உழவர் சங்கங்கள், சில நடுத்தர ஆலைகள். பெரிய மருந்து நிறுவனமோ மென்பொருள் நிறுவனமோ கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புகள் ஊரின் தொழிலுக்குள் போய்ச் சேர என்ன ஏற்பாடு வேண்டும்? உரிமப் பணியில் இருப்பவர்கள், அதை வாங்க முயன்றவர்கள், ஆராய்ச்சியாளர்கள் என யாராக இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள். கண்டுபிடிப்பின் உரிமையாளர் யார், உரிமத்தை ஒருவருக்கே கொடுப்பதா பலருக்கும் கொடுப்பதா, அலுவலகத்தை எதைக் கொண்டு அளப்பது ஆகிய மூன்றும் வரைவில் இன்னும் முடிவாகவில்லை.

---

உரிமப்பிரிவு எழுதியது:

உங்கள் ஐயம் சரியானது. வருவாயை அளவுகோலாக வைத்த அலுவலகம், பெரும்பணம் தரக்கூடிய ஒரே ஒரு கண்டுபிடிப்பைத் தேடத் தொடங்கும். மற்றவற்றுக்கு நேரம் ஒதுக்குவதை அதன் மேலாளர்களே வீண் என்று நினைக்கத் தொடங்குவார்கள். நீண்ட காலம் உரிமப் பணியில் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

குழுவினர் மனத்தில் இருக்கும் கதைகள் எவை என்று எனக்குத் தெரியும். கூகுளின் தேடல் முறைக்கான காப்புரிமை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துடையதாக இருந்தது. உரிமத்துக்கு ஈடாகப் பெற்ற பங்குகளை விற்றதில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 33.6 கோடி டாலர் கிடைத்தது. எச்.ஐ.வி. மருந்தான எம்ட்ரிசிட்டபினின் ராயல்டி (விற்பனையில் உரிமையாளருக்கு வரும் பங்குத் தொகை) உரிமையை எமரி பல்கலைக்கழகம் 2005-இல் 52.5 கோடி டாலருக்கு விற்றது. இரண்டும் உண்மை. ஆனால் இவற்றைப் பார்த்துத் திட்டம் போடுவது, பரிசுச் சீட்டை நம்பிக் குடும்பக் கணக்கு எழுதுவது போன்றது. அமெரிக்காவின் புரூக்கிங்ஸ் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, முந்தைய இருபது ஆண்டுகளின் கணக்கை எடுத்துப் பார்த்தது. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சராசரியாக 87 சதவீதம் இந்த அலுவலகத்துக்குச் செய்த செலவைக்கூடத் திரும்பப் பெறவில்லை என்பது அதன் கண்டறிதல். உலகிலேயே அதிக ஆய்வுப் பணம் புழங்கும் நாட்டின் நிலை இது.

எல்லாரும் முன்மாதிரியாகக் காட்டும் அமெரிக்காவின் பே–டோல் சட்டத்தையும் குழுவினர் ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும். 1980 டிசம்பரில் நடைமுறைக்கு ஒப்புதல் பெற்ற சட்டம் அது. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் காப்புரிமையைப் பல்கலைக்கழகங்களும் சிறு நிறுவனங்களும் வைத்துக்கொள்ள அது வழி செய்தது. அதன் நோக்கப் பிரிவில் கண்டுபிடிப்புகள் பயன்பாட்டுக்கு வருவது பேசப்படுகிறது, சிறு நிறுவனங்களின் பங்கேற்பு பேசப்படுகிறது, உள்நாட்டு உற்பத்தி பேசப்படுகிறது. பல்கலைக்கழகத்துக்கு வருவாய் சேர்க்க வேண்டும் என்ற நோக்கம் அங்கே இல்லவே இல்லை. உரிமம் கொடுக்கும்போது சிறு நிறுவனங்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கும் கடமை. உங்கள் வரைவின் கடைசிப் பக்கம் எந்த முன்மாதிரியிலிருந்து வந்தது என்று குழுவினரிடம் கேளுங்கள்.

அதே வேளையில், அலுவலகமே வேண்டாம் என்று யாராவது இதைப் படித்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. காப்புரிமை விண்ணப்பம், ஒப்பந்தம், நிறுவனங்களைத் தேடிப் பிடிப்பது ஆகியவை ஓர் ஆராய்ச்சியாளர் மாலை நேரத்தில் செய்து முடிக்கும் வேலைகள் அல்ல. நூலகத்தை யாரும் லாபக் கணக்கில் நடத்துவதில்லை. இதையும் அப்படிப்பட்ட செலவாக ஏற்றுக்கொள்ளும் துணிவு பல்கலைக்கழகத்துக்கு இருக்க வேண்டும்.

---

பட்டறைக்காரர் எழுதியது:

எதிர்ப்பக்கத்தில் நின்றவன் சொல்வதையும் கேளுங்கள்.

நான் இயந்திரப் பாகங்கள் செய்யும் சிறு கூடம் நடத்துகிறேன். எங்கள் தொழிலில் தேய்மானம் பெரிய தலைவலி. ஒரு பல்கலைக்கழகத்தில் (பெயர் வேண்டாம்) உலோகத்தின் மீது பூசும் ஒரு மேற்பூச்சு முறையை உருவாக்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு அணுகினேன். அவர்கள் முதலில் அனுப்பியது இரகசியக் காப்பு ஒப்பந்தம். அடுத்து, முன்பணம் கேட்டு ஒரு தாள். அந்த முன்பணம் எங்கள் கூடத்தில் ஒரு புதிய இயந்திரம் வாங்கும் தொகை. அதைக் கட்டினால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். காப்புரிமையைப் பயன்படுத்தும் உரிமை கிடைக்கும் என்றார்கள். அந்தப் பூச்சு எங்கள் பாகத்தில், எங்கள் வெப்பநிலையில், எங்கள் எண்ணெயில் நிற்குமா என்று கேட்டேன். அதைச் சோதித்துப் பார்ப்பது உரிமம் வாங்குபவரின் பொறுப்பு என்று பதில் வந்தது. அத்தோடு பேச்சு முடிந்தது.

எனக்குக் கோபம் வந்தது பணத்தால் அல்ல. அந்த ஆய்வகத்தில் சோதனைக் கருவி இருந்தது. அதை இயக்கத் தெரிந்த மாணவர்கள் இருந்தார்கள். எங்கள் பாகம் நான்கைக் கொண்டுபோய் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்திருந்தால் இரு பக்கமும் தெளிவாகியிருக்கும். அதற்கு ஓர் ஏற்பாடும் அவர்களிடம் இல்லை. அவர்களிடம் விற்பதற்கு ஒரு தாள் இருந்தது. எனக்கு வேண்டியது தாள் இல்லை.

காப்புரிமை ஆவணத்தைப் படித்துவிட்டு ஒருவரும் பொருள் செய்துவிட முடியாது. எந்த வேகத்தில் சூடாக்குவது, எங்கே பிசகும், பிசகினால் எப்படித் தெரியும் என்பதெல்லாம் செய்தவர்களின் கையில் இருக்கிறது. அந்தக் கை எங்கள் கூடத்துக்கு வர வேண்டும், அல்லது எங்கள் ஆள் அங்கே போய் நிற்க வேண்டும். உங்கள் வரைவில் இதற்கு ஒரு பத்தியாவது இருக்கிறதா?

---

புள்ளிவிவரம் எழுதியது:

பட்டறைக்காரர் ஐயா கேட்பது புதிய கோரிக்கை அல்ல. வேளாண்மையில் இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1887-இல் வந்த ஹேட்ச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் வேளாண் கல்லூரியோடு சேர்ந்த ஆய்வு நிலையங்களுக்குப் பணம் ஒதுக்கியது. அப்போதும் இதே குறை எழுந்தது: ஆய்வு நடக்கிறது, உழவருக்கு எட்டவில்லை. 1914-இல் ஸ்மித்–லீவர் சட்டம் விரிவாக்கப் பணியாளர்களை உருவாக்கியது. பல்கலைக்கழகச் சம்பளத்தில் இருப்பவர் வயலுக்குப் போய்ச் செய்துகாட்டினார், வயலில் பார்த்த சிக்கலை ஆய்வகத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார். இந்த இரண்டாவது பாதை முக்கியமானது. பரிமாற்றம் என்ற பெயர் இருப்பதாலேயே எல்லாரும் ஒருவழிப் பாதையாக நினைத்துவிடுகிறோம்.

தொழில்துறையில் ஜெர்மனியைப் பாருங்கள். 1949-இல் தொடங்கிய ஃப்ரௌன்ஹோஃபர் என்ற பயன்பாட்டு ஆய்வு நிலையங்களின் பணத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் மட்டுமே நிலையான அரசு நிதி. மீதியை நிறுவனங்களின் ஒப்பந்தங்களிலும் போட்டித் திட்டங்களிலும் ஈட்ட வேண்டும். அதனால் அவர்கள் தொழிற்கூடங்களின் வாசலுக்குப் போயே ஆக வேண்டும். எம்.பி.3 ஒலி வடிவத்தின் ராயல்டி எர்லாங்கன் நகரில் இருக்கும் அவர்களின் நிலையத்துக்குப் பெரிதாக வந்தது உண்மைதான். ஆனால் அந்த அமைப்பை நாள்தோறும் தாங்குவது அந்த ஒரு வெற்றி அல்ல. அதே நாட்டின் பாடன்–வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஸ்டைன்பைஸ் அமைப்பு இன்னும் எளிய வழியில் போனது. உயர்கல்வி நிறுவனப் பேராசிரியர்கள் தங்கள் துறையிலேயே சிறு பரிமாற்ற மையம் நடத்தி, சுற்றியிருக்கும் நிறுவனங்களின் குறிப்பான சிக்கல்களுக்குக் கட்டணம் பெற்றுத் தீர்வு தருகிறார்கள்.

வரைவுமேசைக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அறிவு அருகிலேயே பரவும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1993-இல் ஜாஃபி, டிராக்டன்பர்க், ஹெண்டர்சன் என்ற பொருளியலாளர்கள் மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு காப்புரிமையைப் பின்னால் வந்த காப்புரிமைகள் மேற்கோள் காட்டும்போது, அதே வட்டாரத்தைச் சேர்ந்தவை எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக இருந்தன. ஆனால் அருகில் இருப்பது மட்டும் போதாது. பால்டிமோரில் இருக்கும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், அமெரிக்காவில் ஆய்வுக்கு மிக அதிகம் செலவிடும் பல்கலைக்கழகமாகப் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஆனாலும் அந்த நகரத்தின் தொழில் சரிவை அதனால் தடுக்க முடியவில்லை. அங்கே தோன்றிய அறிவை எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள், முதலீடு, வேலை மாறி மாறிப் போகும் பொறியாளர்கள் ஆகியவை பக்கத்தில் போதிய அளவு வளரவில்லை. பெறும் பக்கத்தைக் கட்டாமல் கொடுக்கும் பக்கத்தை மட்டும் கட்டினால் அறிவு விமானம் ஏறிப் போய்விடும்.

பெறும் பக்கத்தைக் கட்ட எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வட கரோலினா ஓர் எடுத்துக்காட்டு. புகையிலை, துணி, மரச்சாமான் ஆகியவற்றை நம்பியிருந்த, தனிநபர் வருமானத்தில் பின்தங்கிய மாநிலம் அது. மூன்று பல்கலைக்கழகங்களுக்கு நடுவே 1959-இல் ரிசர்ச் டிரையாங்கிள் பூங்கா என்ற ஆய்வு நிறுவன வளாகத்தைத் தொடங்கினார்கள். கணினி நிறுவனமான ஐ.பி.எம். வருவதாக அறிவித்தது 1965-இல். அதுவரை அங்கே பெரும்பகுதி வெற்று நிலம்தான். ஐந்து ஆண்டுக் கணக்கு கேட்டிருந்தால் அந்தப் பூங்காவை மூடியிருப்பார்கள்.

---

ஆய்வுக்கூடம் எழுதியது:

பேச்சு ஒரு பக்கமாகச் சாய்கிறது. உயிரியல் ஆய்வில் இருக்கிறேன். ஒரு மருந்து மூலக்கூறைப் பலருக்கும் பொதுவாகக் கொடுத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். மனிதச் சோதனைகளுக்கு ஆகும் செலவைத் தாங்குபவர், போட்டியாளர் உடனே நுழைய மாட்டார் என்ற உறுதியைக் கேட்பார். அது பேராசை அல்ல. உரிமத்தை ஒருவருக்கே தருவது சிறு ஊர்களுக்கு எதிரானது என்ற எண்ணம் இந்த உரையாடலில் மெல்ல வளர்வதைப் பார்க்கிறேன். அதை எழுத்தில் கொண்டுவந்துவிடாதீர்கள்.

---

உரிமப்பிரிவு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். முடிவைத் தீர்மானிப்பது கண்டுபிடிப்பின் தன்மை. மேற்கொண்டு பெரும் செலவு வேண்டிய பொருளுக்கு ஒருவருக்கே உரிமம் தரலாம். பலரும் உடனே பயன்படுத்தக்கூடிய கருவிக்கும் முறைக்கும் பலருக்கும் தர வேண்டும்.

இரண்டாவது வகைக்குக் கோஹன்–போயர் காப்புரிமைகளை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் அடிப்படை முறை அது. ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் 1974-இல் விண்ணப்பித்து, முதல் காப்புரிமையை 1980 டிசம்பரில் பெற்றன. ஒரே நிறுவனத்துக்கு விற்றிருந்தால் பெருந்தொகை கேட்டிருக்கலாம். நீல்ஸ் ரைமர்ஸ் தலைமையில் இருந்த ஸ்டான்ஃபோர்டு அலுவலகம் எதிர்த்திசையில் போனது. ஆண்டுக்கு 10,000 டாலர் என்ற எளிய கட்டணத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் உரிமம் தந்தது. முதல் சில மாதங்களிலேயே 73 நிறுவனங்கள் கையொப்பமிட்டன. 1997-இல் காலாவதியாகும்போது மொத்தம் 468 நிறுவனங்கள் உரிமம் பெற்றிருந்தன. சுமார் 25.5 கோடி டாலர் வந்தது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றி உயிர்த்தொழில்நுட்பத் தொழில் முளைத்ததற்கு, அந்த வாசல் சிறியவர்களுக்கும் திறந்திருந்தது ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பட்டறைக்காரர் சொன்ன மேற்பூச்சு இந்த வகையைச் சேர்ந்தது. அதற்கு முன்பணம் கேட்டதே தவறு. சோதனைக் காலத்துக்கு ஆறு மாத இலவச உரிமம், உற்பத்தி தொடங்கிய பிறகு விற்பனையில் சிறு விகிதம் என்று ஒரே பக்கத்தில் ஒப்பந்தம் போட்டிருக்கலாம். வழக்கறிஞர் செலவைவிட உரிமத் தொகை குறைவாக இருக்கும் இடங்களில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லாத நிலையான ஒப்பந்தப் படிவம்தான் இரு பக்கத்துக்கும் நல்லது.

---

நாற்றங்கால் எழுதியது:

வட்டாரம் என்ற சொல் உரிம ஒப்பந்தத்துக்குள்ளேயே நுழைந்த ஒரு கதை இருக்கிறது. நான் பழ மரங்களோடு வேலை செய்பவள். ஆகவே ஆப்பிள்.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 1991-இல் ஹனிகிரிஸ்ப் என்ற ரகத்தை வெளியிட்டது. குளிர் தாங்கும், கடித்தால் நொறுங்கும். உரிமம் எல்லாருக்கும் திறந்திருந்தது. எந்த நாற்றுப்பண்ணையும் ராயல்டி கட்டி மரம் விற்கலாம். ரகம் நாடெங்கும் பரவியது. வாஷிங்டன் மாநிலத்தின் பெருந்தோட்டங்கள் அதை எடுத்துக்கொண்டு, உருவாக்கிய மாநிலத்தைவிடப் பன்மடங்கு விளைவித்தன. பல்கலைக்கழகத்துக்கு ராயல்டி வந்தது. மினசோட்டாவின் சிறு தோட்டக்காரர்களுக்கு, தங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்தின் பழத்தோடு வெளியிலிருந்து வரும் போட்டியும் வந்தது.

பின்னர் வந்த ஒரு ரகத்தில் பல்கலைக்கழகம் பாடம் கற்றுக்கொண்டதாக நினைத்தது. ஸ்வீடாங்கோ என்ற பெயரில் விற்கும் ரகத்தை மாநிலத்தின் ஒரு பெரிய தோட்ட நிறுவனத்துக்கு மட்டும் உரிமமாகக் கொடுத்தது. அந்த நிறுவனம் பல மாநிலத் தோட்டங்களைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பு அமைத்தது. மாநிலத்தின் மற்றத் தோட்டக்காரர்கள் நடலாம், ஆனால் மரங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு, விற்கும் முறைக்கும் கட்டுப்பாடு. மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்த ரகம் எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டு 2010-இல் அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். தரத்தைக் காக்கவே இந்த ஏற்பாடு என்று பல்கலைக்கழகம் சொன்னது. தரக் கட்டுப்பாடு தேவைதான், கண்ட இடத்தில் நட்டால் பழம் கெட்ட பெயர் எடுக்கும். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவராக இருந்ததுதான் காயம்.

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு மூன்றாவது வழியை எடுத்தது. காஸ்மிக் கிரிஸ்ப் என்ற ரகத்தின் முதல் கலப்பு 1997-இல் நடந்தது. மாநிலத் தோட்டக்காரர்களும் அந்த இனப்பெருக்கத் திட்டத்துக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். எனவே வட அமெரிக்காவில் பத்து ஆண்டுகளுக்கு அந்த மாநிலத் தோட்டக்காரர்கள் மட்டுமே அதை வளர்க்கலாம். மாநிலத்துக்குள் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். முதல் சுற்றில் மரங்களைவிடக் கேட்பவர்கள் அதிகமாக இருந்ததால் குலுக்கல் முறையில் பங்கிட்டார்கள். பெரியவர் சிறியவர் என்ற பேதமில்லாமல் எல்லாருக்கும் ஒரே வரிசை. 2019 இறுதியில் பழம் கடைக்கு வந்தது.

உங்கள் உழவர் சங்கங்களுக்கு இந்த மூன்றாவது வழியைக் காட்டுங்கள். ஆய்வுக்கு முன்கூட்டியே சிறு பங்காவது பணம் போட்டவர்களுக்கு, குறிப்பிட்ட காலம் வரை முன்னுரிமை. சங்கமாகச் சேர்ந்து போட்டால் தனி ஆளுக்குச் சுமை தெரியாது.

---

புள்ளிவிவரம் எழுதியது:

நாற்றங்கால் அவர்களின் கதை அருமை. ஆனால் வட்டாரத்துக்குச் சாதகமான உரிமம் என்பதாலேயே அது நல்லதாகிவிடாது. 1920-களில் நடந்ததைச் சொல்கிறேன்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஸ்டீன்பாக், உணவின் மீது புற ஊதாக் கதிர் செலுத்தினால் வைட்டமின் டி கூடுகிறது என்று கண்டறிந்தார். குழந்தைகளின் எலும்பை வளைத்த ரிக்கெட்ஸ் நோய்க்கு அது விடை. காப்புரிமையை நிர்வகிக்க 1925-இல் முன்னாள் மாணவர்கள் வார்ஃப் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பரிமாற்ற அலுவலகங்களுக்கு மூத்த முன்னோடி அது. விஸ்கான்சினின் உயிர்நாடி பால் தொழில். வெண்ணெய்க்குப் போட்டி மார்கரின் என்ற செயற்கை வெண்ணெய். மார்கரினில் வைட்டமின் டி சேர்ந்துவிட்டால் மாநிலத்தின் பால் பண்ணைகள் பாதிக்கப்படும் என்ற கவலை ஸ்டீன்பாக்குக்குத் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அறக்கட்டளை மார்கரின் தயாரிப்பாளர்களுக்கு உரிமம் தர மறுத்தது. மலிவான மார்கரினை வாங்கிச் சாப்பிட்டவர்கள் ஏழைகள். ரிக்கெட்ஸ் அதிகம் தாக்கியதும் அவர்கள் பிள்ளைகளைத்தான். 1940-களில் காப்புரிமை வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனபோது, நீதிபதிகள் இந்த மறுப்பைக் கடுமையாகவே கண்டித்தார்கள். காப்புரிமைக் கோரல்களும் செல்லாது என்று தீர்ப்பாயின.

ஊரின் தொழிலைக் காப்பது என்ற நல்லெண்ணம் அங்கே எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். பழத்தில் பத்து ஆண்டு முன்னுரிமை யாரையும் நோயாளியாக்காது. மருத்துவம், ஊட்டச்சத்து, குடிநீர் தொடர்பான கண்டுபிடிப்புகளில் வட்டார முன்னுரிமையே இருக்கக் கூடாது என்று வரைவில் வெளிப்படையாக எழுத வேண்டும்.

---

நாற்றங்கால் எழுதியது:

இந்தக் கதை எனக்குத் தெரியாது. எழுதியதற்கு நன்றி. விதிவிலக்கை முழுமையாக ஏற்கிறேன். அதோடு ஒன்று சேர்க்கலாம்: யேல் பல்கலைக்கழகம் ஒரு மருந்து நிறுவனத்துக்கு உரிமம் தந்திருந்த ஸ்டாவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்து தென்னாப்பிரிக்காவில் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. மாணவர்களும் மருத்துவத் தொண்டு அமைப்புகளும் குரல் எழுப்பிய பிறகு, 2001-இல் பல்கலைக்கழகமும் நிறுவனமும் அங்கே காப்புரிமையை நிலைநாட்டப் போவதில்லை என்று ஒப்புக்கொண்டன. போராடிப் பெற வேண்டிய நிலை வராமல், கையொப்பமிடும் நாளிலேயே அந்த நிபந்தனையைப் போட்டுவிடலாம்.

---

ஆய்வுக்கூடம் எழுதியது:

உரிமையாளர் யார் என்ற முதல் கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றுக்கும் அடி.

ஐரோப்பாவின் பல நாடுகளில் முன்பு பேராசிரியர்தான் தன் கண்டுபிடிப்புக்கு முழு உரிமையாளர். சுவீடனில் 1949 முதல் இன்றுவரை அப்படித்தான். டென்மார்க் 2000-இலும், ஜெர்மனி 2002-இலும், நார்வே 2003-இலும் அமெரிக்காவைப் பார்த்து அந்த உரிமையைப் பல்கலைக்கழகங்களுக்கு மாற்றின. நார்வேயில் அதன் விளைவைப் பொருளியலாளர்கள் ஹ்விடேயும் ஜோன்ஸும் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடங்கும் நிறுவனங்களும், அவர்கள் பெறும் காப்புரிமைகளும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. முன்பு முழுப் பயனும் ஆய்வாளருக்கு. மாற்றத்துக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்கு. உழைப்பு எங்கே போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

ஆக்ஸ்ஃபோர்டு 2021-இல் தன் ஆய்வாளர்கள் தொடங்கும் நிறுவனங்களில் தான் எடுக்கும் பங்கை 20 சதவீதமாகக் குறைத்தது. பிரிட்டன் அரசுக்காக 2023-இல் நடந்த மறுஆய்வு, உயிரியல் துறை நிறுவனங்களில் 10 முதல் 25 சதவீதமும், மென்பொருளில் 10 சதவீதம் அல்லது அதற்குக் கீழும் போதும் என்று பரிந்துரைத்தது. பெரும்பங்கைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டால் அடுத்து வரும் முதலீட்டாளர் தயங்குவார். நிறுவனம் ஊரில் நிலைத்து நிற்பதற்குள் தொடங்கியவரின் கை காலியாகிவிடும்.

முழு உரிமையையும் ஆய்வாளருக்கே விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்களில் பெரும்பாலோருக்குக் காப்புரிமைக் கட்டணம் செலுத்தவும் வழி தெரியாது, ஆள் தேடவும் தெரியாது. ஆய்வாளருக்கு ஒரு தேர்வு கொடுங்கள். அலுவலகத்தோடு போக விரும்பினால் போகட்டும். குறிப்பிட்ட மாதங்களுக்குள் அலுவலகம் எதுவும் செய்யாவிட்டால் உரிமை தானாக ஆய்வாளருக்குத் திரும்பட்டும். இழுத்தடிக்கும் அலுவலகத்தை வேலை செய்ய வைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

---

பட்டறைக்காரர் எழுதியது:

கண்டுபிடித்தவர் கையில் பயன் இருந்தால் அவர் எங்கள் கூடத்துக்கு வந்து நிற்பார். எனக்கு அது போதும். மாணவர்களையும் மறந்துவிடாதீர்கள். எங்களுக்கு இதுவரை கிடைத்த உண்மையான பரிமாற்றம், ஆய்வகத்தில் பயிற்சி பெற்று எங்களிடம் வேலைக்கு வந்த ஒரு பெண்தான். உலோகச் சூடேற்றத்தில் நாங்கள் வழிவழியாகச் செய்துவந்த ஒரு பிழையை வந்த சில வாரங்களிலேயே காட்டிக்கொடுத்தார். அதற்கு எந்த அலுவலகமும் கணக்கு எழுதவில்லை. அலுவலகத்தை எதைக் கொண்டு அளப்பது என்று கேட்டீர்களே, வருவாய்க்குப் பதில் இதை எழுதுங்கள்: வட்டார நிறுவனங்களில் எத்தனை ஆய்வு மாணவர்கள் வேலை செய்தார்கள், எத்தனை கூடங்களின் சிக்கல்கள் ஆய்வகத்துக்கு வந்தன, அவற்றில் எத்தனை தீர்ந்தன.

---

வரைவுமேசை எழுதியது:

இவ்வளவு பொருள் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி. பட்டறைக்காரர் சொன்ன மூன்று எண்ணிக்கைகளும், சோதனைக் காலத்துக்கான ஒருபக்க ஒப்பந்தமும், நலவாழ்வு விதிவிலக்கும் என் பெயரில் திருத்தங்களாக அடுத்த கூட்டத்துக்குப் போகின்றன. வருவாய்ப் பத்தியை முழுவதுமாக நீக்கவே கேட்கப் போகிறேன்.

ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. ஒருவருக்கே உரிமம் கொடுத்த பிறகு, அந்த நிறுவனம் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தாமல் பூட்டி வைத்துவிட்டால் என்ன செய்வது? போட்டியைத் தடுப்பதற்காகவே வாங்கி வைப்பவர்கள் உண்டு என்கிறார்கள். “பயன்படுத்த உரிய முயற்சி எடுக்க வேண்டும்” என்று வரைவில் இருக்கிறது. போதுமா?

---

உரிமப்பிரிவு எழுதியது:

போதாது. “உரிய முயற்சி” என்றால் என்ன என்பதை நீதிமன்றத்தில் நிறுவுவதற்குள் காப்புரிமைக் காலத்தில் பாதி போய்விடும். தேதி போட்டு எழுதுங்கள். எந்த மாதத்துக்குள் மாதிரிப் பொருள், எந்த மாதத்துக்குள் முன்னோட்ட உற்பத்தி, எந்த ஆண்டுக்குள் முதல் விற்பனை என்று இலக்குகள் இருக்க வேண்டும். ஓர் இலக்கு தவறினால் முதலில் ஏகபோகம் மட்டும் போய், மற்றவர்களுக்கும் தரக்கூடிய உரிமமாக அது மாற வேண்டும். இரண்டாவது தவறினால் உரிமம் முழுவதும் திரும்ப வேண்டும். இந்தப் படிமுறை முக்கியம். ஒரேயடியாகப் பறிக்கும் விதியை எந்த அலுவலகமும் பயன்படுத்தத் துணியாது. பே–டோல் சட்டத்தில் அரசே தலையிட்டு வேறொருவருக்கு உரிமம் தரவைக்கும் அதிகாரம் இருக்கிறது. 40 ஆண்டுகளுக்கு மேலாகியும், பலமுறை விண்ணப்பங்கள் வந்தும், ஒருமுறைகூட அது பயன்படுத்தப்படவில்லை.

இரண்டாவதாக, பயன்பாட்டுத் துறை வாரியாக உரிமத்தைப் பிரியுங்கள். மேற்பூச்சை விமான இயந்திரங்களுக்கு ஒரு பெரிய நிறுவனம் கேட்டால் அந்தத் துறைக்கு மட்டும் கொடுங்கள். சிறு இயந்திரப் பாகங்களுக்கான உரிமை உங்கள் கையில் இருந்தால் பட்டறைக்காரர் போன்ற நூறு பேருக்குத் தரலாம். முழுவதையும் ஒரே கையெழுத்தில் கொடுத்துவிட்டு, பிறகு வருந்தும் ஒப்பந்தங்கள் ஏராளம்.

மூன்றாவது, எதிர்காலத்தில் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்ற வரியை எங்கும் விடாதீர்கள். நாற்றங்கால் அவர்கள் சொன்ன காஸ்மிக் கிரிஸ்ப் விவகாரத்திலேயே அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து பிறந்த ஃபைட்டெலிஜென்ஸ் என்ற நாற்று நிறுவனம், பின்னாளில் விற்பனை உரிமம் பெறும் வாய்ப்பு தனக்கு உண்டு என்று நம்பியிருந்தது. உரிமம் கிடைக்காதபோது பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட்டது. அந்த விதி, பிறகு ஒப்பந்தம் செய்துகொள்வோம் என்ற வெறும் இசைவு மட்டுமே, நிறைவேற்றும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் முடிவு செய்தது. சொந்த ஆய்வகத்தில் பிறந்த நிறுவனத்துக்கே இந்த நிலை. பின்னாளில் உரிமம் பெறும் விருப்பத் தேர்வை ஒருவருக்குத் தருவதாக இருந்தால் கட்டணம், காலம், எல்லை மூன்றையும் அன்றே எழுதுங்கள்.

இலக்கு அட்டவணையோடு கூடிய ஒரு மாதிரி விதியை நாளை மாலைக்குள் எழுதி இங்கேயே பதிவிடுகிறேன். பட்டறைக்காரர் ஐயா, சோதனைக் காலம் ஆறு மாதம் உங்கள் தொழிலுக்குப் போதுமா என்று மட்டும் சொல்லுங்கள். போதாதென்றால் ஒன்பது என்று போட்டுவிடுகிறேன்.

---

பட்டறைக்காரர் எழுதியது:

ஒன்பது போடுங்கள். தேய்மானம் தெரியப் பாகம் ஓட வேண்டும், அதை அவசரப்படுத்த முடியாது. பாகங்களையும் ஒரு ஆளையும் நான் அனுப்புகிறேன், கருவி நேரத்தைப் பல்கலைக்கழகம் தரட்டும் என்பதையும் அதே விதியில் சேர்த்துவிடுங்கள்.